மிலிட்டரி ஆஸ்பத்திரியில் விபூதி வைப்பது யார்?

எதிர்வீட்டு அக்காவின் மகனுக்கு அக்னிவீர் வேலை கிடைத்துவிட்டது. மஞ்சக்குப்பம் மைதானத்தில் விடிகாலை இருட்டில் ஓடி ஓடிப் பயிற்சி எடுத்த பையன். தெருவே சந்தோஷப்பட்டது. அக்கா மட்டும் ஒரு சாயங்காலம் என்னைப் பிடித்து நிறுத்திக் கேட்டார்: "அங்க ஒடம்புக்கு ஏதாவதுன்னா மருந்து குடுப்பாங்க, சரி. விபூதி யாரு தம்பி வெப்பாங்க?"

சிரித்துவிட்டுப் போகக்கூடிய கேள்வி இல்லை. உலகத்துப் பெரிய ராணுவங்கள் பலவும் இதே கேள்விக்காக ஆள் போட்டு, பதவி கொடுத்து, சம்பளமும் கொடுத்துவருகின்றன. கிறிஸ்தவர்கள் இதை மேய்ப்புப் பணி என்பார்கள். எல்லா மதத்துக்கும் பொருந்தும்படி நாம் ஆன்மிகத் துணை என்று வைத்துக்கொள்வோம். நோயாளியின் உடம்பை டாக்டர் பார்த்துக்கொள்கிறார். அவருடைய பயத்தையும் நம்பிக்கையையும் துக்கத்தையும் பக்கத்தில் உட்கார்ந்து ஒருவர் பார்த்துக்கொள்வதுதான் ஆன்மிகத் துணை.

கடலூரில் ஓர் ஆஸ்பத்திரி வார்டு ஓரமாக நின்று பார்த்தால், இங்கே இதற்கென்று தனி ஆள் ஏன் தேவைப்படவில்லை என்று புரிந்துவிடும். ஒயர் கூடையில் பிளாஸ்க், ரசம் சாதம், இரண்டு ஆரஞ்சு. அடியில் தினத்தாள் கிழிசலில் மடித்த விபூதி. பாடலீஸ்வரர் கோயிலில் அர்ச்சனை முடித்த கையோடு பஸ் ஏறி வந்திருப்பார் சித்தி. அடுத்த கட்டிலில் தலையணைக்குக் கீழே ஜெபமாலை. அதற்கும் அடுத்த கட்டிலில் ஒரு பாட்டி, குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதி ஊதிய தண்ணீரை பாட்டில் மூடியில் ஊற்றிப் பேரனுக்குப் புகட்டிக்கொண்டிருப்பார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது எல்லாம் கூடைக்குள் போய்விடும். அவர் தலை மறைந்ததும் மறுபடி வெளியே வரும். சாமி இங்கே சொந்தக்காரர்களோடு சேர்ந்தே வந்துவிடுகிறார்.

ராணுவ ஆஸ்பத்திரிக்கு இந்தக் கூடை வராது. பையன் படுத்திருப்பது லக்னோவிலோ உதம்பூரிலோ. வீட்டார் ரயில் பிடித்துப் போய்ச் சேர இரண்டு மூன்று நாள் ஆகும். பக்கத்துக் கட்டிலில் நாகாலாந்துக்காரர், எதிரே ராஜஸ்தான்காரர். அழுதால் கூட எந்த மொழியில் அழுவது என்று தெரியாத இடம். அதனால்தான் கூடைக்குப் பதிலாக ராணுவம் ஒரு மனிதரை அனுப்புகிறது.

இந்தியத் தரைப்படையில் அவருக்கு ரிலிஜியஸ் டீச்சர் என்று பெயர், சுருக்கமாக ஆர்.டி. இந்துக்களுக்குப் பண்டிட், சீக்கியர்களுக்குக் கிரந்தி, முஸ்லிம்களுக்கு மௌலவி, கிறிஸ்தவர்களுக்குப் பாத்ரே, பௌத்தர்களுக்குப் பிக்கு. சேரும்போதே நாயப் சுபேதார் என்ற ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷண்டு ஆபீசர்) பதவி. பட்டப்படிப்பு கட்டாயம். அதற்கு மேல், பண்டிட் என்றால் சமஸ்கிருதத்தில் சாஸ்திரி, ஆச்சார்யா போன்ற தகுதி வேண்டும். பாத்ரே என்றால் முறைப்படி குருப்பட்டம் பெற்று, உள்ளூர் ஆயரின் அங்கீகாரப் பட்டியலிலும் இருக்க வேண்டும்.

ஆள் எடுக்கும் அறிவிப்பிலேயே வேலையை விவரமாகப் போட்டிருப்பார்கள். யூனிட் கோயிலில் பூஜை, சொற்பொழிவு, இறுதிச் சடங்கு. அதோடு ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிகளுக்குத் துணையாக இருப்பது, தேறிவருபவர்களோடு சேர்ந்து பிரார்த்தனை படிப்பது, தண்டனை அனுபவிக்கும் சிப்பாய்களைப் போய்ப் பார்ப்பது. கடைசி விஷயத்தைப் படித்ததும் எனக்கு இந்தப் பதவி மேல் ஒரு மரியாதை வந்தது. தண்டனையில் இருப்பவனைப் பார்க்கப் போக யாருக்கு மனம் வரும்?

மேற்கத்திய ராணுவங்களில் இவருக்குச் சாப்ளின் என்று பெயர். தொப்பியும் கைத்தடியுமாக நடந்தவர் இல்லை, இது வேறு. நாலாம் நூற்றாண்டில் மார்ட்டின் என்ற ரோமானியச் சிப்பாய் குளிரில் நடுங்கிய பிச்சைக்காரருக்குத் தன் மேலங்கியைக் கத்தியால் பாதி வெட்டிக் கொடுத்தார் என்பது கதை. அந்த அங்கியைப் பிற்காலத்தில் மன்னர்கள் புனிதப் பொருளாகப் போருக்கு எடுத்துப்போனார்கள். அதற்குக் காவல் இருந்த குருமாருக்கு, லத்தீனில் அங்கியைக் குறிக்கும் சொல்லிலிருந்தே பெயர் வந்தது. அது திரிந்து திரிந்து சாப்ளின் ஆயிற்று. பாத்ரே என்பது போர்ச்சுகீசியர் கொண்டுவந்த சொல், நம் பாதிரியாரும் அதே வழியில் வந்தவர்தான். எங்கள் திருப்பாதிரிப்புலியூரின் தல விருட்சமான பாதிரி மரத்துக்கும் இவருக்கும் சம்பந்தமே கிடையாது. வெளியூர் நண்பர்கள் கேட்பதால் சொல்லிவைக்கிறேன்.

சரி, வார்டுக்குள் போய் அவர் என்னதான் செய்கிறார்? என் பெரியப்பா சொன்னதை எழுதுகிறேன்.

பெரியப்பா மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் இருந்தவர். வடக்கே எங்கேயோ வண்டி கவிழ்ந்து கால் நசுங்கி, ராணுவ ஆஸ்பத்திரி ஒன்றில் மாதக்கணக்கில் கிடந்தார். முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொன்ன அன்று சாயங்காலம் பண்டிட்ஜி வந்தாராம். உத்தரப் பிரதேசத்துக்காரர், தமிழில் ஒரு எழுத்து தெரியாது. பெரியப்பாவுக்குத் தெரிந்ததெல்லாம் பட்டாளத்து இந்தி. இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் மந்திரம் எதுவும் சொல்லவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, ராத்திரி தூக்கம் வந்ததா என்று கேட்டார். வரவில்லை. வீட்டில் அம்மா எந்தக் கோயிலுக்குப் போவார் என்று கேட்டார். திருவந்திபுரம்.

அவர் கேள்விப்படாத ஊர். எப்படி இருக்கும், சொல்லுங்கள் என்றார். பெரியப்பா சுவரைப் பார்த்தபடியே ஆரம்பித்தார். கெடிலம் ஆறு, தேவநாத சுவாமி, எதிரே படியேறிப் போகிற சின்ன மலை, மேலே ஹயக்ரீவர், வழியெல்லாம் குரங்கு. மலைக்குப் பேர் என்ன என்று அவர் கேட்க, ஔஷதகிரி என்றார் இவர். பண்டிட்ஜி நிமிர்ந்து உட்கார்ந்தாராம். ஔஷதம் என்றால் மருந்து, கிரி என்றால் மலை, அது அவருக்கும் தெரியும். அனுமார் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது விழுந்த துண்டு அது என்று எங்கள் ஊரில் சொல்வார்கள் என்று பெரியப்பா விளக்கினார். "லட்சுமணனுக்காகக் கொண்டுபோன மலையா! அவனும் போரில் அடிபட்ட சிப்பாய்தானே" என்றாராம் அவர். அதற்கு அப்புறம்தான் பெரியப்பா இந்தப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஆபரேஷன் வரைக்கும் அவர் தினமும் வந்தார், தினமும் அந்த மலையைப் பற்றியே பேசினார்கள். விபூதி வைத்தாரா என்று கேட்டேன். "அவர் எங்க வெச்சாரு? குங்குமம் வெச்சாரு. நான் நாமம் போடற ஆளுன்னு அவருக்குத் தெரியாது. பரவாயில்லன்னு விட்டுட்டேன்."

இந்தத் துறையில் பயிற்சி தருபவர்கள் சொல்லும் அடிப்படை எல்லாம் இந்த ஒரு சாயங்காலத்தில் வந்துவிட்டது. நின்றுகொண்டு பேசாமல் உட்கார வேண்டும். சாமியில் ஆரம்பிக்காமல் தூக்கத்தில் ஆரம்பிக்கலாம். தனக்குத் தெரிந்ததைச் சொல்வதை விட, நோயாளிக்குத் தெரிந்ததைச் சொல்லவைப்பது முக்கியம். அமெரிக்காவில் ஆன்டன் பாய்சன் என்ற பாதிரியார் தானே மனநல ஆஸ்பத்திரியில் நோயாளியாகக் கிடந்து மீண்டவர். 1925-ல் வூஸ்டர் அரசு மனநல ஆஸ்பத்திரியில் இறையியல் மாணவர்களைக் கூட்டிவைத்து வார்டிலேயே பயிற்சி கொடுத்தார். வேதத்தைப் படிக்கிற அதே கவனத்தோடு நோயாளியையும் படிக்க வேண்டும் என்பது அவர் கட்சி. இன்றைக்கு மேற்கத்திய ஆஸ்பத்திரி சாப்ளின்களின் பயிற்சி முறைக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

பேச்சு தவிர, கையால் செய்கிற வேலையும் உண்டு. சாகும் நிலையில் இருக்கும் கத்தோலிக்கருக்கு நோயில் பூசுதல் (எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் அவஸ்தை பூசுதல் என்பார்கள்), முஸ்லிம் காதில் கலிமா, இந்துவின் வாயில் ஒரு சொட்டு கங்கா தீர்த்தம். இதெல்லாம் எதிர்பார்க்கக்கூடியதே. அவ்வளவாகக் கண்ணில் படாத ஒரு வேலை இருக்கிறது: டாக்டருக்கும் நம்பிக்கைக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பது. தலையில் ஆபரேஷன், முடியை மழிக்க வேண்டும். நோயாளி சீக்கியர். டாக்டருக்கு அது முடி, அவருக்கு அது விரதம். கிரந்தி வந்து பேசினால் அரை மணியில் முடிகிற விஷயம், வேறு யார் பேசினாலும் மூன்று நாள் இழுக்கும். உடம்பெல்லாம் தீக்காயத்தோடு கிடக்கும் ஒருவர், உளு (தொழுகைக்கு முன் தண்ணீரால் கை, கால், முகம் கழுவுவது) செய்யாமல் எப்படித் தொழுவது என்று தவிக்கிறார். தண்ணீர் படக்கூடாதென்றால் தயம்மும் (சுத்தமான மண்ணைத் தொட்டுத் தடவிக்கொள்வது) போதும், எழ முடியாதென்றால் படுத்தபடியே சைகையால் தொழலாம் என்று மௌலவி சொன்னால்தான் அவருக்கு மனம் ஆறும். நர்ஸ் சொன்னால் ஆறாது.

இன்னொன்று மனசாட்சிக் காயம். போரில் தான் செய்ததோ, செய்யாமல் விட்டதோ, கண்ணெதிரே நடக்கவிட்டதோ உள்ளே அரித்துக்கொண்டே இருப்பது. வியட்நாம் போர் வீரர்களுக்கு வைத்தியம் பார்த்த ஜொனதன் ஷே என்ற அமெரிக்க மனநல மருத்துவர் இதைப் பற்றி விரிவாக எழுதிய பிறகு இதற்கென்று தனிப் பெயர் நிலைத்தது. பயத்தில் வரும் நடுக்கம் வேறு, இது வேறு. "எனக்கு மன்னிப்பு உண்டா?" என்ற கேள்விக்கு மாத்திரை கிடையாது. டாக்டரிடம் சொன்னால் கேஸ் ஷீட்டில் ஏறும், மேலதிகாரியிடம் சொன்னால் விசாரணை வரும் என்று சிப்பாய் பயப்படுகிறான். அமெரிக்க ராணுவத்தில் சாப்ளினிடம் ஆலோசனைக்காகத் தனியாகச் சொன்னதை ராணுவ நீதிமன்றம்கூடக் கேட்டு வாங்க முடியாதபடி சட்டப் பாதுகாப்பு உண்டு. அதனால் அங்கே பலர் முதலில் வாய் திறப்பது இவரிடம்தான். இவர் மனநல மருத்துவருக்கு மாற்று என்று நினைத்துவிட வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பதாகத் தெரிந்தால், நோயாளியைச் சம்மதிக்கவைத்துக் கையோடு டாக்டரிடம் கூட்டிப்போவதும் இவர் வேலைதான்.

இங்கேதான் பதவியின் சூட்சுமம் வருகிறது. தோளில் நட்சத்திரம் இருக்கிறவரிடம் ஒரு ஜவான் மனம் விட்டுப் பேசுவானா? ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாகச் சமாளிக்கிறது. பிரிட்டிஷ் கடற்படையில் சாப்ளின் யாரோடு பேசுகிறாரோ அவருடைய பதவியையே தன் பதவியாக வைத்துக்கொள்கிறார் என்பது மரபு. மாலுமியோடு பேசினால் மாலுமி, அட்மிரலோடு பேசினால் அட்மிரல். நம்மூரில் ஆர்.டி. ஜே.சி.ஓ. என்பதால் ஆபீசருக்கும் ஜவானுக்கும் நடுப்படியில் நிற்கிறார். அதுவும் மோசமில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, ஆனாலும் அந்தக் கடற்படை ஏற்பாட்டின் மேல் எனக்கு ஒரு கண்.

புதுச்சேரிக்காரர்களுக்கு இதில் இன்னொரு கதை உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்கும் சொல்தாக்கள் இல்லாத தெரு அங்கே ஒரு காலத்தில் அபூர்வம். பீச் ரோட்டில் போர் நினைவுச்சின்னத்தைத் தாண்டித்தான் தினமும் வாக்கிங் போவார்கள். பிரான்சில் அரசும் மதமும் 1905-ல் சட்டப்படி பிரிந்துவிட்டன. ஆனால் ஆஸ்பத்திரி, சிறை மாதிரி, நினைத்தபோது வெளியே போக முடியாத இடங்களில் இருப்பவர்களுக்காக மதகுருமாருக்கு அரசு செலவு செய்யலாம் என்று அதே சட்டம் வழி விட்டது. கோயிலுக்குப் போக முடியாதவனிடம் கோயில் வரட்டும் என்ற நியாயம். பிரெஞ்சு ராணுவத்தில் கத்தோலிக்கர், புராட்டஸ்டன்ட், யூதர், முஸ்லிம் என்று நான்கு சமயத்துக்கு இந்த ஏற்பாடு இருக்கிறது, முஸ்லிம் பிரிவு 2005-ல்தான் வந்தது. இந்துக்களுக்கென்று தனிப் பிரிவு கிடையாது. நண்பன் ஒருவனின் தாத்தா சொல்தா. அங்கே ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பாதிரியார் கட்டில் பக்கம் வர, "நான் இந்து" என்று இவர் முந்திக்கொண்டு சொன்னாராம். "அப்படியானால் வீட்டுக்குக் கடிதம் ஏதாவது எழுதித் தரட்டுமா?" என்று கேட்டு உட்கார்ந்துவிட்டாராம் அவர்.

இந்துக்களைப் பொறுத்தவரை மற்ற நாடுகளிலும் இது சமீபத்திய கதைதான். பிரிட்டன் ராணுவத்துக்கு இந்து சாப்ளினாக 2005-ல் கிருஷண் அத்ரி வந்தார். அமெரிக்க ராணுவத்தின் முதல் இந்து சாப்ளினாக 2011-ல் பிரதிமா தர்ம் என்ற பெண்மணி வந்தார்.

ஆனால் இந்தியச் சிப்பாய்களுக்கான ஏற்பாடு அதற்கு வெகு முன்னாலேயே, விநோதமான ஓர் இடத்தில் நடந்திருக்கிறது. முதல் உலகப் போரில் பிரான்சில் அடிபட்ட இந்தியச் சிப்பாய்களை 1914 டிசம்பரில் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அங்கே ராயல் பெவிலியன் என்ற பழைய அரண்மனையை ஆஸ்பத்திரியாக மாற்றியிருந்தார்கள். சாண்டிலியர் தொங்கும் கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். மத, சாதி வழக்கங்களுக்கு ஏற்ப ஒன்பது சமையலறைகள். வார்டுகளில் இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தண்ணீர்க் குழாய். தோட்டத்தில் கூடாரம் போட்டு சீக்கியர்களுக்குக் குருத்வாரா, புல்வெளியில் முஸ்லிம்கள் தொழ இடம். இறந்த இந்து, சீக்கிய வீரர்கள் 53 பேரை ஊருக்கு வெளியே பேச்சம் என்ற இடத்தில் மேட்டு நிலத்தில் தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் 1921-ல் எழுப்பிய வெள்ளைப் பளிங்குச் சத்திரி (குடை போன்ற கூரை கொண்ட நினைவு மண்டபம்) இன்றும் நிற்கிறது. முஸ்லிம்களை வோக்கிங் மசூதிக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். எல்லாமே தூய அன்பு என்று நான் சொல்ல மாட்டேன். போட்டோ எடுத்து இந்தியாவுக்கு அனுப்பி, பாருங்கள் உங்கள் பிள்ளைகளை எப்படிப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஆள் சேர்க்கும் கணக்கும் அதில் இருந்தது. ஆனாலும் கட்டிலில் கிடந்தவனுக்கு அந்தச் சமையலறை நிஜம்.

சட்டத்தையும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன். 1864-ல் போட்ட முதல் ஜெனீவா ஒப்பந்தத்திலேயே டாக்டர்களோடு ராணுவ மதகுருமார்களையும் சேர்த்து, இவர்கள் நடுநிலையாளர்கள், தாக்கக் கூடாது என்று எழுதிவிட்டார்கள். 1949 ஒப்பந்தத்தின் 24-வது பிரிவும் அதையே உறுதிசெய்கிறது. எதிரியிடம் மாட்டிக்கொண்டாலும் அவர் போர்க்கைதி இல்லை. பிடிபட்ட தன் ஆட்களுக்குத் துணை தேவைப்படும் வரை வைத்திருக்கலாம், தேவையில்லை என்றால் திருப்பி அனுப்ப வேண்டும்.

இனி, செய்யக் கூடாதது. எங்கள் பக்கத்தில் திருவதிகை இருக்கிறது. திலகவதியாரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததே. மணம் பேசிய கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டுபோக, தம்பிக்காக உயிர் வைத்திருந்த பெண். அந்தத் தம்பி சூலை நோயில் துடித்துக்கொண்டு வந்தபோது திருநீறு கொடுத்து, விடியுமுன் கோயிலுக்குக் கூட்டிப்போனார். பிறகு அந்தத் தம்பிதான் நாவுக்கரசர். நோயாளிக்குத் துணை நிற்பதற்கு இதைவிட நல்ல படம் இல்லை. ஆனால் அந்தக் கதையில் தம்பி சமணத்தை விட்டுச் சைவத்துக்குத் திரும்புகிறார். அக்கா செய்யலாம், ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்ட மதகுரு செய்யக் கூடாது. வலியில் கிடப்பவனால் வேண்டாம் என்று எழுந்து போக முடியாது, அதனாலேயே அங்கே மதம் மாற்றப் பேசுவது தவறு. என் அத்தை ஓர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது முன்பின் தெரியாத நாலு பேர் உள்ளே வந்து, கட்டிலைச் சுற்றி நின்று, சத்தமாக ஜெபிக்க ஆரம்பித்துவிட்டார்கள். இன்னொரு நாள் வேறொரு கோஷ்டி வந்து, முன்வினையால்தான் இந்த நோய் என்று பிரசங்கம் செய்துவிட்டு, பரிகாரத்துக்குப் போன் நம்பரும் கொடுத்துவிட்டுப் போனது. அத்தைக்கு அன்று பிரஷர் ஏறியதுதான் மிச்சம். ஒழுங்கான ஆன்மிகத் துணை கதவருகே நின்று, வரலாமா என்று கேட்கும். வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் போய்விடும். சாமி இல்லை என்பவருக்கும் அந்த ஸ்டூல் உண்டு, அவரோடு கிரிக்கெட் பேசினாலும் தவறில்லை.

வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டியது கொஞ்சம்தான். பையன் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்தால், மதகுரு வந்து பார்க்க வேண்டும் என்று வார்டு சிஸ்டரிடம் தயங்காமல் கேட்கலாம். ஆபத்தான நிலை என்றால் 'டேஞ்சரஸ்லி இல்' (Dangerously Ill) என்ற பட்டியலில் பெயர் ஏறும், வீட்டுக்குத் தகவல் வரும். நேரில் போகும்போது, ஆக்சிஜன் ஓடும் இடத்தில் கற்பூரம், ஊதுபத்தி கூடவே கூடாது. ஆபரேஷனுக்கு முன் வெறும் வயிறு என்றால் தீர்த்தம், பஞ்சாமிர்தம் எதுவும் உள்ளே போகக் கூடாது, அது எந்தச் சாமியுடையதாக இருந்தாலும் சரி. விபூதியை நெற்றியோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், கட்டு மேல் தூவக் கூடாது.

இதையெல்லாம் அக்காவிடம் சொன்னேன். பிரைட்டன், ஜெனீவா எல்லாம் அவருக்கு வேண்டியிருக்கவில்லை. பண்டிட்ஜி வருவார் என்ற இடத்தில் மட்டும் நிறுத்தினார்.

"அவருக்குத் தமிழ் தெரியுமா?"

"தெரியாம இருக்கலாம் அக்கா. விபூதியும் கையில இருக்கும்னு சொல்ல முடியாது. வடக்க குங்குமம்தான் அதிகம்."

கொஞ்ச நேரம் யோசித்தார். "அப்ப பெட்டியில ரெண்டு பொட்டலமா வெச்சு அனுப்பறேன். அவருக்கும் ஒண்ணு."